பண்பாடு என்றொரு பலிகடா

விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். வாங்கியவர் அதைச் சட்டைப் பையில் திணிக்கக் கூடாது. ஒரு நிமிடமாவது பயபக்தியோடு பார்க்க வேண்டும். ஜப்பானில் அதுதான் மரியாதை. சோற்றுக் கிண்ணத்தில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. அது இழவு வீட்டுச் சடங்கு. கொரியாவில் பெரியவர் எதிரே மது அருந்தும் சின்னவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் பத்து மணி என்றால் பத்து மணி. அரபு நாட்டில் இடது கையை நீட்டாதீர்கள். இந்தியர் தலையாட்டினால் சம்மதம் என்று நம்பிவிடாதீர்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க உலகம் முழுக்க ஒரு தொழில் நடக்கிறது. நட்சத்திர ஓட்டல், ஏ.சி. அரங்கு, கோட்டு போட்ட பயிற்சியாளர், பனிப்பாறைப் படம் போட்ட ஸ்லைடு. மதியம் பஃபே. மாலையில் சான்றிதழ். பயிற்சி முடித்த மேலாளர் விமானம் ஏறுகிறார். இறங்கிய ஊரில் கார்டை இரண்டு கையாலும் நீட்டுகிறார். கொஞ்ச நாள் போனதும் லஞ்சத்தையும் இரண்டு கையாலும் நீட்டுகிறார்.

இரண்டாவதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

மரியாதை கற்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஊர் விட்டு ஊர் போகிறவர் அந்த ஊர் வழக்கம் தெரிந்துகொண்டு போவது நல்லதுதான். எரிச்சல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. கம்பெனி ஜெயித்தால் அது தலைவரின் தொலைநோக்கு. தோற்றால் பண்பாட்டு வேறுபாடு. சட்டத்தை மீறி மாட்டிக்கொண்டால் பண்பாட்டு வேறுபாடு. தொழிலாளி உரிமை கேட்டால் பண்பாட்டு வேறுபாடு. பண்பாட்டுக்கு வாய் கிடையாது, மறுத்துப் பேசாது. கோர்ட்டுக்குப் போகாது. நஷ்ட ஈடு கேட்காது. பலி கொடுக்க இதைவிட வசதியான ஆடு கிடைக்குமா?

வால்மார்ட் ஜெர்மனியில் தோற்ற கதை மேலாண்மை வகுப்புகளில் பிரசித்தம். 1997 கடைசியில் உள்ளே போனார்கள். 2006இல் 85 கடைகளை மெட்ரோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, ஏறக்குறைய 100 கோடி டாலர் நஷ்டத்தோடு வெளியே வந்தார்கள். ஏன்? வகுப்பில் சொல்லும் காரணம்: வாசலில் நின்று சிரித்து வரவேற்கும் அமெரிக்க வழக்கம் ஜெர்மானியருக்குப் பிடிக்கவில்லை. காசாளர் சிரித்தால் வழிகிறார் என்று நினைத்தார்களாம். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள்: ஜெர்மனி, சிரிக்கக் கூடாது.

குறிப்பில் வராதவை சில உண்டு. பால், மாவு, வெண்ணெய் போன்றவற்றை அடக்க விலைக்கும் கீழே விற்காதே என்று 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வணிகப் போட்டி ஆணையம் உத்தரவு போட்டது. அமெரிக்காவில் எழுதிய நடத்தை விதிகளைக் கொண்டுவந்து, யார் யாரைக் காதலிக்கலாம் என்பதுவரை ஊழியருக்குக் கட்டளையிட்டார்கள். ஊழியர் மன்றத்தைக் கலக்காமல் இப்படி விதி போட ஜெர்மன் சட்டத்தில் இடமில்லை. 2005இல் நீதிமன்றம் அந்த விதிகளை வெட்டி எறிந்தது. விலை விஷயத்திலோ ஜெர்மனியின் மலிவு விலைக் கடைகளான ஆல்டியும் லிடிலும் ஏற்கெனவே அடிமட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆக நடந்தது என்ன? போட்டியில் அடி. சட்டத்தில் அடி. ஆனால் ஏறக்குறைய ஒன்பதாண்டு மூடத்தனத்துக்கும் சேர்த்துப் பழி சுமந்தது ஒரு புன்னகை.

அடுத்த பாடம், டைம்லர் - கிரைஸ்லர். 1998இல் ஜெர்மன் கார் கம்பெனியும் அமெரிக்க கார் கம்பெனியும் ஒன்றாகின. சுமார் 3,600 கோடி டாலர் சம்பந்தம். சரிசமமானவர்களின் இணைப்பு என்று இரு தரப்பும் அறிவித்தன. மூன்றாவது ஆண்டிலேயே கிரைஸ்லரில் 26,000 வேலைகளுக்கு வேட்டு. 2007இல் கிரைஸ்லரின் 80 சதவீதப் பங்கு 740 கோடி டாலருக்குக் கைமாறியது. காரணம் கேட்டால், பாடப் புத்தகங்கள் ஒரே குரலில் பாடுகின்றன: பண்பாட்டு மோதல். ஜெர்மானியர் கோட்டு போட்டு, கட்டுக் கட்டாக அறிக்கை எழுதினார்கள். அமெரிக்கர் சட்டைக் கையை மடித்துவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒத்துப்போகவில்லை. பாவம்.

அந்தப் பாவத்தின் இன்னொரு பக்கம் 2010இல் வெளிவந்தது. அமெரிக்க நீதித் துறை டைம்லர் மீது வழக்குப் போட்டது. 1998 முதல் 2008 வரை, குறைந்தது 22 நாடுகளில், அரசு அதிகாரிகளுக்கு லஞ்சம். 18.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது கம்பெனி. ஆண்டுகளைக் கவனியுங்கள். அமெரிக்கக் கூட்டாளியின் பண்பாடு புரியவில்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். சீனா, ரஷ்யா, துருக்கி என்று 22 நாட்டு அதிகாரிகளோடு மொழிச் சிக்கல் இல்லை. சடங்குச் சிக்கல் இல்லை. எவ்வளவு, எந்தக் கணக்கில், எப்போது என்பதில் துளிக் குழப்பம் இல்லை. உலகப் பண்பாடுகளுக்கு இடையே இவ்வளவு சுமுகமான உரையாடலை ஐ.நா. சபைகூட நடத்தியதில்லை.

லஞ்சத்தைப் பற்றிப் பேசினால் மேற்கிலிருந்து ஒரு பெருமூச்சு வரும். என்ன செய்வது, அந்த நாடுகளின் வழக்கம் அப்படி. பரிசு கொடுப்பது அவர்கள் பண்பாடு. நாங்கள் அனுசரித்துப் போகிறோம். சரி, வழக்கம் யாருடையது என்று கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிடுவோம். வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்த லஞ்சத்தைத் தொழில் செலவாகக் காட்டி ஜெர்மன் கம்பெனிகள் 1999 வரை வரிச் சலுகை பெற முடிந்தது. அதாவது லஞ்சத்தில் ஒரு பங்கை ஜெர்மன் அரசே ஏற்றுக்கொண்டது. ரசீதோடு. ஒழுங்குக்குப் பேர்போன நாடு அல்லவா? 2008இல் சீமன்ஸ் நிறுவனம் லஞ்ச வழக்குகளை முடிக்க அமெரிக்க, ஜெர்மன் அரசுகளுக்கு மொத்தம் 160 கோடி டாலர் கட்டியபோதுதான், அந்தப் பழக்கம் சட்டம் மாறியும் மாறவில்லை என்று தெரிந்தது.

அமெரிக்கா முன்னோடி. அமெரிக்க விமானக் கம்பெனி லாக்ஹீடிடம் பணம் வாங்கிய வழக்கில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனாகா 1976இல் கைதானார். நாறிப்போன அமெரிக்கா அடுத்த ஆண்டே வெளிநாட்டு லஞ்சத்தைத் தடுக்கச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்திலேயே ஒரு பொந்தும் வைத்தது. அதிகாரி எப்படியும் செய்ய வேண்டிய வழக்கமான வேலையைச் சீக்கிரம் முடிக்கக் கொடுக்கும் சில்லறை குற்றமாகாது. நம் தாலுகா ஆபீஸ் மாமூலுக்கு வாஷிங்டனில் சட்ட அந்தஸ்து.

அந்தச் சட்டத்தின் நிழல் பழைய மாமல்லபுரம் சாலைவரை நீண்டது. சென்னையில் 27 லட்சம் சதுர அடி வளாகம் கட்டிக்கொண்டிருந்த காக்னிசன்ட் நிறுவனத்தின் கதையை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2019 பிப்ரவரியில் வெளியிட்டது. 2014இல் திட்ட அனுமதிக்காக ஒரு மூத்த தமிழக அரசு அதிகாரி 20 லட்சம் டாலர் கேட்டார்; கட்டுமான ஒப்பந்ததாரர் வழியாகக் கொடுக்க மேலிடம் சம்மதித்தது; கூடுதல் வேலை என்று போலி பில் போட்டு ஒப்பந்ததாரருக்கு அந்தப் பணம் திரும்பியது. இதுதான் ஆணையத்தின் குற்றச்சாட்டு. கம்பெனி குற்றத்தை ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை, சுமார் 2.5 கோடி டாலர் கட்டியது.

இந்தப் பரிவர்த்தனையில் பண்பாட்டு வேறுபாடு எங்கே இருக்கிறது? நியூ ஜெர்சி தலைமையகமும் சென்னை அரசு அலுவலகமும் ஒரே அலைவரிசையில் பேசின. பணம் போன இடத்தில் நம் ஊர். அபராதம் போன இடத்தில் அமெரிக்கக் கஜானா. அனுமதி விற்கப்பட்டது நம் மண்ணில். அதற்கான தண்டத்தில் நமக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

கதை முடியவில்லை. 2025 பிப்ரவரி 10 அன்று அதிபர் டிரம்ப் அந்த லஞ்சத் தடைச் சட்டத்தை அமலாக்குவதை நிறுத்திவைத்து ஆணை போட்டார். பிற நாடுகளில் வழக்கமான வணிக நடைமுறையாக இருப்பதற்கெல்லாம் நம் ஆட்களை நாமே தண்டிப்பதா என்பது ஆணையின் சாரம். பண்பாட்டு மரியாதை என்றால் இது! அமெரிக்க அதிபரே நம் மரபைத் தலை வணங்கி ஏற்கிறார். இரண்டு மாதத்தில் காக்னிசன்டின் முன்னாள் அதிகாரிகள் இருவர் மீதான வழக்கையும் அமெரிக்க அரசு கைவிட்டது. ஊழலை நம் பண்பாடு என்று வெள்ளை மாளிகை முத்திரை குத்துகிறது. சாதிச் சான்றிதழுக்கு ஆறு முறை நடந்தவர்களிடம், வாரிசுச் சான்றிதழுக்குக் காசில்லாமல் திரும்பி வந்தவர்களிடம், ஒரு வார்த்தை கேட்டார்களா? லஞ்சம் எங்கள் பண்பாடு அல்ல ஐயா, எங்கள் மேல் விழும் அடி என்று சொல்லியிருப்பார்கள்.

இந்த முத்திரைகளுக்கு ஒரு விஞ்ஞான முகமும் உண்டு. டச்சு அறிஞர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்புகளை ஆராய்ந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்கள். 1980இல் புத்தகம் வந்தது. நாடுகளுக்கெல்லாம் மதிப்பெண். அதிகார ஏற்றத்தாழ்வை மக்கள் எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது ஒரு பாடம். அதில் ஆஸ்திரியா 11. அமெரிக்கா 40. இந்தியா 77. நாம் டிஸ்டிங்ஷன்.

அறுபதுகளின் இந்தியாவில் ஐ.பி.எம்.மில் வேலை கிடைத்தவர் யார்? வயலில் குனிந்தவரா, ஆலையில் நின்றவரா? ஆங்கிலம் படித்த ஒரு கைப்பிடி ஆட்கள் வினாத்தாளில் போட்ட டிக்கை வைத்து ஒரு தேசமே மேலே இருப்பவருக்குக் கும்பிடு போடப் பிறந்தது என்று முடிவாகிவிட்டது. நாட்டுக்குப் போட்ட மதிப்பெண்ணைத் தனி மனிதர் மீது ஒட்டாதீர்கள் என்று ஹாஃப்ஸ்டெட்டே எச்சரித்தார். எச்சரிக்கை புத்தகத்தில் தங்கிவிட்டது. 77 மட்டும் ஸ்லைடில் ஏறி உலகம் சுற்றுகிறது. இந்தியர்கள் அதிகாரத்தை மதிப்பவர்கள், எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்று முதலீட்டாளர் காதில் ஓதுகிறது.

எதிர்த்துப் பேசமாட்டார்களாம். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி. பின்னால் நின்று வேலையை நிறுத்தினார்கள். எதிரே இருந்தது வெள்ளைக்கார முதலாளி. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பி அண்டு சி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அதுதான். பொறுக்காத பின்னி நிர்வாகம் நீதிமன்றம் போய்ச் சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடை வாங்கியது. சங்கம் சேர்வதே சட்டப்படி குற்றமா என்று எழுந்த கொந்தளிப்பின் விளைவுதான் 1926 தொழிற்சங்கச் சட்டம். 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். பண்பாடு என்று ஒன்று இந்த ஊருக்கு உண்டென்றால் இதுவும் அதில் சேரும். எந்த ஸ்லைடிலும் இது இல்லை.

இப்போது பெரம்பூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வருவோம். 2024 செப்டம்பர் 9. சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டி.வி.யும் செய்கிறவர்கள். கேட்டது சம்பள உயர்வு, வேலை நேர ஒழுங்கு, எல்லாவற்றுக்கும் மேல் சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கத்தின் பெயரில் சாம்சங் என்ற சொல் வரக் கூடாது என்றது நிர்வாகம். அது அவர்கள் வணிகச் சின்னமாம். தொழிலாளியின் பனியனில் அந்தப் பெயர் இருக்கலாம். அடையாள அட்டையில் இருக்கலாம். அவர் தோள் மீது சுமக்கும் பெட்டியில் இருக்கலாம். அவர் சங்கத்தின் ரசீதுப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் பெயர் கெட்டுப்போகும்.

உடனே விளக்கவுரையாளர்கள் கிளம்பினார்கள். கொரியப் பண்பாடு வேறு சார். அங்கே கம்பெனி என்றால் குடும்பம். யூனியன் என்ற பேச்சே கிடையாது. வந்த விருந்தாளியின் வழக்கத்தை நாம் மதிக்க வேண்டாமா?

விருந்தாளியின் வீட்டு நிலவரத்தைப் பார்ப்போம். 1970 நவம்பர் 13 அன்று சியோல் நகரின் பியோங்வா சந்தையில், ஜொன் தே-இல் என்ற 22 வயது தையல் தொழிலாளி, தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்து என்று முழங்கித் தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டு செத்தார். 1987 கோடையில் கொரியா முழுக்க ஆயிரக்கணக்கான வேலைநிறுத்தங்கள் வெடித்தன. ஹுண்டாய் தொழிலாளர் சங்கம் உலகறிந்த முரட்டுச் சங்கம். சாம்சங் குடும்பத்துக்குள்ளேயும் வருவோம். சங்கத்தை உடைக்கச் சதி செய்ததற்காக 2019 டிசம்பரில் சியோல் நீதிமன்றம் சாம்சங் நிர்வாகிகள் பலரைத் தண்டித்தது. 2020 மே மாதம் அதன் துணைத் தலைவர் லீ ஜே-யோங் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன் குனிந்து மன்னிப்புக் கேட்டு, சங்கம் கூடாது என்ற கொள்கை இனி இல்லை என்றார். 2024 ஜூலையில் கொரியாவிலேயே சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. சுங்குவார்சத்திரத்தில் பந்தல் போடுவதற்கு இரண்டு மாதம் முன்பு!

கொரியாவில் மன்னிப்புக் கேட்டுக் கைவிட்ட கொள்கை, இங்கே வந்து பண்பாடாகிவிட்டது. சொந்த ஊரில் காலாவதியான சரக்கைப் புது லேபிள் ஒட்டி நம்மிடம் தள்ளுகிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டு வாங்குகிறோம்.

கும்பிட்டது யார்? அரசாங்கம். வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று முதலமைச்சர் முதலீடு திரட்ட அமெரிக்காவில் இருந்தார். அமைச்சர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். சங்கத்தை விட்டுவிட்டு வேறொரு தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட வைத்து, பிரச்சினை தீர்ந்தது என்றார்கள். ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் பிடித்தது. அக்டோபரில் இரவோடு இரவாகக் கைது, பந்தலைப் பிரித்தார்கள். சட்டப்படி கொடுத்த பதிவு விண்ணப்பம் மாதக் கணக்கில் தூங்கியது. 37 நாள் போராட்டம் முடிந்து, விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. பெரம்பூர் தொழிலாளியின் போராட்டத்தில் பிறந்த சட்டம். அப்போது அதற்கு ஏறத்தாழ நூறு வயது. அதன் கீழ் ஒரு பதிவு எண் வாங்க, அதே தமிழ்நாட்டில், சமூக நீதி பேசும் ஆட்சியில், இவ்வளவு பாடு. கொரிய நிர்வாகிக்கு இதில் பண்பாட்டு அதிர்ச்சி எதுவும் இருந்திருக்காது. சொந்த வீடு போல உணர்ந்திருப்பார்.

ஆலை வாசலில் பண்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஃபாக்ஸ்கான் தனிப் பாடம். 2021 டிசம்பர். ஐபோன் பொருத்தும் பெண்கள் தங்கிய விடுதியில் கெட்டுப்போன சாப்பாடு. 159 பேர் மருத்துவமனையில். பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தரையில் நெருக்கியடித்துப் படுத்ததும், தண்ணீர் வராத கழிப்பறையும் அப்போதுதான் உலகச் செய்தியாயின. ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அதுவரை ஆப்பிளின் தணிக்கையாளர்கள் எங்கே இருந்தார்கள்? போனின் விளிம்பில் மயிரிழைக் கீறல் இருந்தால் கண்டுபிடிக்கும் கம்பெனி அது.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் இன்னொரு செய்தி போட்டது. கல்யாணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஐபோன் பொருத்தும் வேலைக்கு எடுப்பதில்லை. குடும்பப் பொறுப்பு, பிரசவம், லீவு. தாலியும் மெட்டியும் உலோகம், உற்பத்திக்கு இடைஞ்சல். காரணம் கேட்டபோது முன்னாள் மனிதவள அதிகாரி ஒருவர் சொன்ன விளக்கத்தில் அந்தச் சொல் வந்தே விட்டது: பண்பாட்டுப் பிரச்சினைகள். ஃபாக்ஸ்கான் மறுத்தது, புதிதாக எடுத்தவர்களில் கால் பங்கினர் கல்யாணமானவர்கள், உலோகத் தடை எல்லோருக்கும் பொதுவான பாதுகாப்பு விதி என்றது. அதே செய்தியில் இன்னொரு வரி இருந்தது. உற்பத்தி உச்சத்தில் இருக்கும் மாதங்களில், ஆள் தட்டுப்பாடு வந்தால், இந்தத் தடை தளர்த்தப்படுமாம்.

புரிகிறதா? பண்பாட்டுக்கும் சீசன் உண்டு. ஆர்டர் குறைந்தால் தாலி உலோகம். ஆர்டர் குவிந்தால் தாலி தாலி. பாலின பேதம் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று, அப்போது அமலில் இருந்த 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. அதற்கு சீசன் கிடையாது என்பதுதான் அதன் பலவீனம் போலும்.

இனி நம் வீட்டுப் பண்பாட்டுக் காவலர்கள். 2023 ஏப்ரல் 21 அன்று, தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. தொழில் நிறுவனங்கள் நெகிழ்வான வேலை நேரம் கேட்கின்றனவாம். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மே 1 அன்று மசோதா வாபஸ். சிங்காரவேலர் கடற்கரையில் கொடியேற்றிச் சரியாக நூறாண்டு. இந்திய மே தினத்தின் நூற்றாண்டுக்குப் பத்து நாள் முன்பாக 12 மணி நேரச் சட்டம் போட ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அடுத்த ஜனவரியில் சென்னையில் உலக முதலீட்டாளர் மாநாடு. 6,64,180 கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். முதலீட்டாளரும் அரசும் ஒருவரை ஒருவர் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். தொழிலாளியைத்தான் இருவருக்கும் புரியவில்லை.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். போருக்குப் பின் ஜெர்மனியும் ஜப்பானும் அப்படித்தான் எழுந்தன என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் தொண்ணூறுக்குப் போனார். வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்று கேட்டார். இன்றைய ஜெர்மானியர் ஆண்டுக்குச் சராசரியாக வேலை செய்வது சுமார் 1,340 மணி நேரம். பணக்கார நாடுகளிலேயே குறைவு. வாரம் 70 என்றால் 50 வாரத்துக்கு 3,500. ஜப்பானில் வேலை செய்தே சாகிறவர்கள் பெருகி, அதைத் தடுக்க 2014இல் ஒரு சட்டமும், ஓவர்டைமுக்கு உச்சவரம்பு வைத்து 2018இல் இன்னொரு சட்டமும் போட வேண்டியதாயிற்று. நம் முதலாளிகள் ஜெர்மனியிடமிருந்து இடிபாட்டுக் காலத்தை மட்டும் கற்கிறார்கள். ஜப்பானிடமிருந்து அது விட்டுத் தொலைக்க நினைக்கும் நோயை மட்டும் இறக்குமதி செய்கிறார்கள்.

ஜெர்மனியிடம் கற்க வேறு விஷயமும் இருக்கிறது. 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் ஜெர்மன் கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் பிரதிநிதிகளுக்கு. 1976 முதல் அங்கே அது சட்டம். கம்பெனி விமானம் ஏறும்போது அந்தச் சட்டம் மட்டும் ஃபிராங்ஃபர்ட்டிலேயே நின்றுவிடுகிறது. எந்திரம் வருகிறது, லோகோ வருகிறது, தர விதிகள் வருகின்றன. நிலம், தண்ணீர், மின்சாரம், வரிச் சலுகை என்று கேட்கும்போது உலகத் தரம் வருகிறது. சம்பளம் என்று வந்தால் உள்ளூர் நிலவரம். உரிமை என்று வந்தால் உள்ளூர்ப் பண்பாடு. அந்த உள்ளூர்ப் பண்பாடு என்னவென்று உள்ளூரில் யாரையும் கேட்பதில்லை.

கொரியாவின் சுவோன் நகரிலிருந்து வந்த நிர்வாகியும் சென்னை அமைச்சரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே ஓட்டல் காபியைக் குடிக்கிறார்கள். ஒரே பயம், ஒரே கணக்கு. சியோல் தையல் தொழிலாளியும் பெரம்பூர் மில் தொழிலாளியும் சுங்குவார்சத்திரத்து இளைஞரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே ஒரே கோரிக்கையைக் கேட்டிருக்கிறார்கள். வேறுபாடு நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவே என்று நம்ப வைப்பதில்தான் இந்த வியாபாரத்தின் லாபம் இருக்கிறது. வேறுபாடு மாடிக்கும் மாடிக்கும் நடுவே.

ஆகவே இனி ஒரு கம்பெனிக்காரரோ அமைச்சரோ மைக் முன் வந்து பண்பாட்டு வேறுபாடு என்று ஆரம்பித்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்தச் சட்டப் பிரிவை மீறினீர்கள்? எவ்வளவு தொகை? யார் கையெழுத்து? மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவர் பண்பாட்டைப் பற்றிப் பேச்சே எடுத்திருக்க மாட்டார்.